மேலிருந்து வந்த சொல்

ஓசூர்
5.1.2025

அன்புள்ள மாப்ளே வேடியப்பனுக்கு,

ஜெப்சன் எழுதுவது. நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் காகிதம். நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, வெள்ளக்கடையில் தனியாகக் கிடக்கிறாள். பழைய எஸ்டேட்டிலேயே வேலை கேட்டேன். "வேடியப்பன் ஒரு வரி எழுதித் தரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார் கணக்கெழுதும் ரைட்டர்.

மிளகு பறிக்க நீ ஏறுவாய், நான் ஏணியைப் பிடிப்பேன். கிளையில் காலூன்றிக்கொண்டு நீ "உடு" என்றால் ஏணியை எடுத்து மறுபக்கம் சாத்துவேன். நீ விழுந்த அன்றைக்கும் "உடு" என்றாய். விட்டேன். அதை மட்டும் எழுதிக்கொடு. கையெடுத்துக் கேட்கிறேன்.

உன்
ஜெப்சன்


வெள்ளக்கடை
19.1.2025

ஜெப்சனுக்கு,

நீ மாதா மேல் சத்தியம் செய்தாலும் நான் "உடு" என்று சொல்லவில்லை. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. முதல் வருஷம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அன்றைக்கே பிறந்த பெண்ணோடு என்னையும் ஒரு பிள்ளையாகச் சுமந்தாள் கனகா. இப்போது மூன்று சக்கர ஸ்கூட்டரில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறேன். ஏணித் தலையை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டச் சொல்கிறேன். பாதிப்பேர் சிரிக்கிறார்கள், மீதிப்பேர் கட்டுகிறார்கள். விழுந்தவன் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. உனக்காகப் பொய் எழுதி அதையும் தொலைக்க மாட்டேன்.

இனி எழுதாதே.

வேடியப்பன்


வெள்ளக்கடை
16.2.2025

அன்புள்ள மாப்ளே,

நாலு தடவை கிழித்துப் போட்டு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொட்டச்சேடு எஸ்டேட்டில் நான் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மிளகு பறிக்க வந்த சசிரேகா என்ற பெண், "ஏனுங்ண்ணா, விழறதுக்கு முன்ன மேல இருந்து என்னத்தப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

எங்கள் வாசலில் ஜீப் நின்றது, கனகாவுக்கு வலி கண்டுவிட்டது என்று பதறிப்போய்க் கத்தினேன் என்றேன்.

"என்னன்னுங்க கத்துனீங்க?"

அன்றைக்குப் போலவே கத்திக் காட்டினேன். "ஊடு! ஊடு!"

பக்கத்து மரத்தில் ஏணி பிடித்து நின்றவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான், மாப்ளே. நல்லவேளை, மேலே ஆளில்லை.

நான் வீட்டைச் சொன்னேன், உனக்கு விடச் சொன்னதாகக் கேட்டிருக்கிறது. நீ சொன்னது நிஜம். கத்தியது எனக்கு நினைவிருந்தது. இருந்தும் "வாயே தொறக்கலைங்க" என்று ரைட்டரிடம் சாதித்தேன். படுத்துக் கிடந்தவனுக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நேற்று எல்லாவற்றையும் ரைட்டரிடம் எழுதிக்கொடுத்துவிட்டேன். இனி வாயால் கூப்பிட வேண்டாம் என்று கயிறோடு விசிலும் கொடுக்கிறேன். ஏறிக் காட்டத்தான் ஆளில்லை. ஏணியை நான் பிடிக்கிறேன் என்றால் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு நழுவுகிறார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வேடியப்பன்


ஓசூர்
24.2.2025

மாப்ளே,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். எனக்கு இன்னும் மன்னிக்க வரவில்லை. இந்தக் கையை ரெண்டு வருஷம் நானே வெறுத்தேன். கோயிலில் அம்மா யாரிடமும் முகம் கொடுக்காமல் வந்து போனாள். அதை நீ எழுதிக்கொடுத்துத் திருப்ப முடியாது.

எஸ்டேட் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏற்காட்டில் லாட்ஜ் வேலை கிடைத்திருக்கிறது, அம்மாவோடு இருப்பேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கொட்டச்சேட்டுக்கு வந்துவிடு. நான் ஏறுகிறேன். நீ பிடி.

ஜெப்சன்