நூற்று முப்பத்தெட்டு முட்டைகள்

அன்புள்ள மகனுக்கு,

முதல் இரண்டு வரி மட்டும் தங்கை எழுதுவது அண்ணா: அடுப்புத் தட்டில் பட்டு அம்மாவுக்கு வலதுகை விரல் சுட்டுவிட்டது, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதுவேன், இனி "நான்" என்றால் அம்மா.

இங்கே மூவரும் நலம். நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன், எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் இதற்கு மேல் விசாரிக்க முடியவில்லை. உன் அருங்காட்சியகத்தில் பிளாஸ்டரில் உள்ளே கூடாக வார்த்து அனுப்பினாயே, அழிந்துபோன ராட்சதப் பறவை முட்டையின் மாதிரி, அதைத் தங்கை பள்ளிக் கண்காட்சியில் ஒரு கோழிமுட்டைக்குப் பக்கத்தில் வைத்து, நீ எழுதியபடியே "கோழிமுட்டை நூற்றைம்பதுக்குச் சமம்" என்று அட்டையில் எழுதினாள். நடுவராக வந்தவர் நில அளவையர். டேப்பை எடுத்து இரண்டையும் நீளவாக்கில் அளந்துவிட்டு, "அஞ்சரை மடங்குதாம்மா வருது, ஆறுன்னே வெச்சுக்கோ, முட்டைய விட உன் புளுகு பெருசா இருக்கே" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லி, அட்டையின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் "பொய்" என்று எழுதிவிட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகும் என்று இவள் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. கற்பனையாக எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த சுற்றாம். எண்ணை எழுதினாயே, அது எப்படி வந்தது என்றும் எழுத உனக்குக் கை வலித்ததா?

நான் விடுவேனா. நம் பேக்கரியில் தினமும் முட்டை உடைப்பதுதானே என்று, தலைமையாசிரியையையும் அந்த நடுவரையும் கடைக்கே வரவழைத்தேன். மாதிரியின் உச்சியில் ஓட்டை போட்டு, உள்ளே புதுப் பிளாஸ்டிக் பை விரித்து, அப்பா உடைக்க உடைக்கத் தங்கை எண்ணினாள். ஆறு முட்டைக்கு அடிகூடச் சரியாக மறையவில்லை. ஐம்பதில் நடுவர் நாற்காலி கேட்டார். நூற்று முப்பத்தெட்டில் விளிம்பு தட்டியதும் துள்ளி எழுந்து, "பாத்தீங்களா, நூத்தம்பது வரலையே" என்கிறார்! ஆறு என்று சாதித்த மனிதர், பன்னிரண்டு குறைந்ததற்கு என்னிடம் நியாயம் கேட்கிறார்! "எங்க கடைக்கு வர்றது பெரிய முட்டைங்க ஐயா, பொடி முட்டைன்னா நூத்தம்பதையும் தாண்டும்" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே, உன் தங்கை பேனாவை எடுத்து நூற்றைம்பதை அடித்து, "எங்கள் கடை முட்டையில் 138" என்று திருத்தி அட்டையை அவரிடம் நீட்டினாள். ஜெயிக்கிற நேரத்தில் ஏன்டி விட்டுக்கொடுத்தாய் என்றால், "எண்ணினது அவ்வளவுதானேம்மா" என்கிறாள். அவர் பென்சில் கேட்டு வாங்கி, தான் எழுதிய வார்த்தையைத் தானே அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை, அதை மட்டும் நான் மறக்கமாட்டேன்.

அட்டை அடுத்த சுற்றுக்குப் போகிறது. முட்டையெல்லாம் கேக்காகிவிட்டது. இனி கணக்கு எழுதினால் வழியையும் எழுது. நோய்நொடி அண்டாமல், யார் முன்னாலும் தலைகுனியாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா

(கையெழுத்தை அம்மாவே இடதுகையால் போட்டாள். கடை பூட்டும் நேரமாகிவிட்டது, அப்பா விளக்குகளை அணைக்கிறார்.)