ஓவனில் வைத்த வத்தாளங்கிழங்கு

ரோவில்
ஜூன் 3

அன்புள்ள சிவாஜினிக்கு,

போனில் கதைத்தால் இரண்டு பேருக்கும் சத்தம் ஏறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் சுகம். அக்கா வீட்டில் உமக்கும் குறையிராது.

உம்மோடு இங்கே வேலை செய்த மரிக்கோ, ஜப்பான் முறையில் வத்தாளங்கிழங்கு சுட்டுக் கொண்டுவந்து தந்தாளே, ஊதாத் தோலும் உள்ளே மஞ்சளுமாய்? அந்த இனிப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. நானும் செய்து பார்க்க நினைத்து, ஓவனை முழுச் சூட்டில் போட்டுவிட்டு ரிவி பார்க்க இருந்தேன்.

எங்கள் வீட்டு ஓவன் ஒரு அலுமாரி என்பதை மறந்துபோனேன். தாச்சி, இடியப்பத் தட்டு, நீர் கழுவி அடுக்கிய ஐஸ்கிரீம் பெட்டிகள் எல்லாம் உள்ளே. பெட்டிகள் உருகி இடியப்பத் தட்டோடு ஒட்டிவிட்டன. அலாரம் கத்த, பக்கத்து வீட்டு அருந்தவன் செருப்பும் போடாமல் ஓடி வந்தார்.

இந்தக் குசினியை இத்தனை வருடம் நீர் எப்படித்தான் கட்டி ஆண்டீரோ! கிழங்கு சுடும் விதத்தை எழுதும். எப்போது வருவீர் என்றும் எழுதும்.

உமது
இளங்கீரன்

கெல்லிவில்
ஜூன் 10

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை விமலாதேவி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பெட்டிகள் போகட்டும், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே.

கிழங்கைத் தோல் சீவாதீர்கள், வெட்டாதீர்கள். கழுவி, முழுதாகவே தட்டில் வையுங்கள். ஓவனை முன்கூட்டிச் சூடாக்க வேண்டாம். வைத்த பிறகு நூற்றறுபதில் போட்டு ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள். மெல்லச் சூடேறினால்தான் இனிப்பு ஊறும் என்பாள் மரிக்கோ. தோலில் பாகு கசிந்தால் சரி. அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், உங்களுக்கு அதுதான் கஷ்டம்.

நான் வருவது பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு என்னையே நிரந்தரப் பொறுப்பாளராக இருக்கச் சொல்கிறார்கள். மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கே சிட்னியில் வேலை கிடைத்ததென்று அன்று நான் சொன்னபோது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப எனக்கு ஆர் சமைக்கிறது?" அந்தக் கேள்வி இன்னும் என்னைக் குத்திக்கொண்டிருக்கிறது.

சிவாஜினி

ரோவில்
ஜூன் 18

அன்புள்ள சிவாஜினிக்கு,

சுட்டுவிட்டேன்! தோலைப் பிரித்ததும் ஆவியோடு ஒரு வாசம் வந்தது பாரும், வீடே மணத்தது. கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம். அருந்தவனுக்கும் கொடுத்தேன். "உண்மையா நீரே செய்தது?" என்று கேட்டுவிட்டு இரண்டாவதையும் எடுத்தார். அந்தத் துணிவில் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். உம்முடைய கைப்பக்குவம் வராது, ஆனாலும் சாப்பிடலாம்.

நீர் வந்து சமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். நேற்று வயிறு முட்டக் கிழங்கு சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். அப்போதும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் பக்கத்தில் இருக்க வேண்டும், சிவாஜினி. வேறொன்றும் வேண்டாம்.

கையெழுத்துப் போடும். ஒரு மருந்தகமே உம்மை நம்பி நிற்கிறது என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் அங்கே வரலாமா? நீர் வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

இளங்கீரன்

கெல்லிவில்
ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. வேலைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்து, முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வீட்டை விட்டு நீங்கள் அசைவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அக்கா வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன். குசினியில் ஒருவர் நிற்கத்தான் இடமுண்டு. அங்கே நீங்கள் நில்லுங்கள், நான் வாசலில் கதிரை போட்டிருந்து கதைக்கிறேன்.

கெதியாய் வாங்கோ.

சிவாஜினி