எந்த ஆஃப்?

ஜூன் 3, செவ்வாய்

ஃப்ரீசர் கதவு இன்றும் ஒழுங்காக மூடவில்லை. உள்சுவரெல்லாம் இரண்டு விரல் தடிமனுக்கு ஐஸ். முழங்கையால் அழுத்தி மூடிவிட்டு என் தையல் கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் திறந்துகொண்டு பல்லை இளிக்கிறது.

வேறு சமயமாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இப்போது உள்ளே இருப்பது தாய்ப்பால். தம்பி பெண்டாட்டி பீய்ச்சி எடுத்துப் பைகளில் அடைத்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்திருக்கிறாள். குறைமாதத்தில் பிறந்த அவள் குழந்தை, என் மருமகள், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். பவுடர் பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்த அன்றே வயிறு ஊதிவிட்டது. தம்பிதான் தினமும் காலையில் ஐஸ் பெட்டியில் பாலை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

ஜூன் 4, புதன்

தம்பி பெண்டாட்டிக்குக் காய்ச்சல். மார்பில் பால் கட்டிக்கொண்டதாம். டாக்டர் கொடுத்திருக்கும் மருந்து முடியும்வரை இவள் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு வாரம்.

ஆக, ஃப்ரீசரில் இருப்பதுதான் இருப்பு.

ஜூன் 5, வியாழன்

பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் பாலை வைத்துவிட்டு, நம் பெட்டியை நிறுத்தி ஐஸை உருக்கிவிடலாம் என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அங்கே மீனுக்கும் கறிக்கும் நடுவில் வைப்பதா என்று முகத்தைச் சுளித்தாள். பைக்குள்தானே இருக்கிறது என்று நானும் விடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

"எம் பிள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க இதுல தலையிடாதீங்க."

சரி. தலையிடவில்லை. கல்யாணமாகாதவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று அவள் சொல்லவில்லை. என் காதில் விழுந்தது என்னவோ அதுதான்.

பால் கெட்டியாக இருக்கட்டும் என்று உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகை மட்டும் ஃபுல்லில் வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஐஸ் இன்னும் ஏறிவிட்டது. பின்வரிசைப் பைகள் சுவரோடு சுவராக உறைந்துபோய் அசைய மறுக்கின்றன. மெக்கானிக்கை வரவழைத்தேன். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதாம். அந்த வழியாகப் போகிற வெளிக்காற்றின் ஈரம்தான் இப்படி ஐஸாகக் கட்டுகிறதாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கத்தியை எடுத்து ஐஸைக் குத்தப் போனேன். பதறிக் கையைப் பிடித்துவிட்டார்.

"சுவத்துக்குள்ள கேஸ் குழாய் ஓடுதும்மா. ஒரே குத்து, பெட்டி காலி."

புது ரப்பர் திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். அதுவரை பெட்டியை அடிக்கடி திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் இவளும் இன்று பேசிக்கொள்ளவில்லை. தம்பி நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

ஜூன் 7, சனி

நடந்ததை எழுதி வைக்கிறேன்.

காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். நான் கடைக்குக் கிளம்பும்போது இவளிடமிருந்து போன். மெக்கானிக் கூப்பிட்டாராம், நேற்றுச் சொல்ல மறந்துவிட்டாராம். "பெட்டிய ஆஃப்ல வைக்கச் சொன்னார் அண்ணி." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள்.

உள்ளே பால் இருக்கும்போதா? எனக்கும்தான் உறைத்தது. திருப்பிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடி தலையிடாதீங்க என்பாள். அவள் பால், அவள் மெக்கானிக், எனக்கு என்ன வந்தது? சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன்.

மத்தியானம் வந்தால் சமையலறை முழுக்கத் தண்ணீர். அவள் பெட்டிக்கு முன்னால் நிற்கிறாள், காலில் செருப்புகூடக் கழற்றவில்லை.

"யார் நிறுத்தினது?"

"நீதானே ஆஃப் பண்ணச் சொன்னே!"

"ஆஃப்ல வைங்கன்னேன். ஃபுல்லுல இருக்கிறத ஆஃப்ல. பாதியில!"

ஆஃப் டிக்கெட்டும் ஆஃப்தான், லைட்டை ஆஃப் செய்வதும் ஆஃப்தான். இந்தப் பாழாய்ப்போன ஒரு வார்த்தைக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை எங்களுக்கு?

முன்வரிசைப் பைகள் எல்லாம் கொழகொழ. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அழக்கூட இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பின்னால இருக்கிறதும் போச்சா, போச்சா என்று நான் கத்தியைத் தேடினேன். இந்த முறை என் கையைப் பிடித்தது அவள்.

"குத்தாதீங்க அண்ணி. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கல். ஐஸ் விளிம்பில்தான் உருகியிருந்தது. அதற்குள் புதைந்திருந்த பைகள் அத்தனையும் கல்லாகவே இருந்தன. இத்தனை நாள் நான் திட்டிக்கொண்டிருந்த ஐஸ்தான் பாலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சுவிட்சைப் போட்டேன். திருகைப் பாதிக்கு அவள் திருப்பினாள்.

இளகிய பைகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, வண்டி பிடித்து இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் பெட்டி என் மடியில். நர்ஸ் ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஜில்லென்றுதான் இருக்கிறது, கெடவில்லை, இனி உறைய வைக்காமல் நாளை காலைக்குள் கொடுத்துவிடலாம் என்றாள்.

திரும்பி வரும்போது இவள் கேட்டாள்: "சந்தேகமா இருந்தா ஏன் அண்ணி என்னைக் கேக்கல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

குழந்தை குடித்துவிட்டாள். வயிறு ஊதவில்லை.

ஜூன் 9, திங்கள்

மெக்கானிக் ரப்பரோடு வந்தார். சனிக்கிழமை கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐஸை உருக்கினால்தான் பைகள் வரும் என்றதும் இவளே பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் ஃப்ரீசரில் ஒரு தட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வந்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து, கதவைத் திறந்து போட்டு, ஆளுக்கொரு துணியோடு உட்கார்ந்தோம். சுவர் விட்டுக் கொடுக்கக் கொடுக்க நான் பையை எடுத்து நீட்டினேன், அவள் துடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஒன்றுகூடக் கிழியவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம், அதனால்தான் கேட்கவில்லை என்றேன். தெரியும் என்றாள். இன்னும் கொஞ்சம் நேரம் துடைத்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 12, வியாழன்

மருந்து முடிந்தது. ஃப்ரீசரில் இன்னும் இரண்டு பை மிச்சம்.

ஜூலை 2, புதன்

மருமகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் தையல் மேசையில் பாதி நீளம்கூட இல்லை, அதற்குள் வீடே அவள் சொல்படி நடக்கிறது. இவள் குளிக்கப் போகும்போது குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். பார்த்துக்கோங்க, தூக்குங்க, இப்படிப் பிடிங்க என்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மூச்சு விடப் பயமாக இருந்தது.

தூங்க வைத்த பிறகு அடுப்படியிலிருந்து குரல் வந்தது, "ஃபேனை ஆஃப்ல வைங்க அண்ணி."

எழுந்து அடுப்படி வாசல்வரை போய் நின்றேன்.

"எந்த ஆஃப்?"

அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாதி" என்றாள். "பாப்பா அவ அத்தை பக்கத்துலதானே படுத்திருக்கா, உங்களுக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்."

பாதியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். குழந்தை இன்னும் தூங்குகிறாள்.