சாவு மேளமும் நாலாவது சாட்சியும்

2003 பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு ஸ்டேஷன் வேலை இல்லை. எங்களில் ஏழு பேரை வேனில் ஏற்றி ஒரு ஹோட்டல் ஹாலுக்குக் கொண்டுபோனார்கள். ‘பலதரப்பட்ட மக்களோடு பழகும் முறை’ — இரண்டு நாள் பயிற்சி. ஏ.சி.யில் உட்கார்ந்து மக்களோடு பழகக் கற்றுக்கொண்டோம். டீ கொண்டுவந்தவரைத் தவிர மக்கள் யாரும் அங்கே இல்லை.

பாடம் எடுத்தது டெல்லியிலிருந்து வந்த ஒரு அம்மாள். ஆளுக்கொரு கலர் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு பக்கம். தமிழர் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன். பொங்கல் வைப்பார்கள், உணர்ச்சிவசப்படுவார்கள், நடிகர்களுக்குக் கட்அவுட் வைப்பார்கள், கூட்டமாகக் கூடுவார்கள். படத்தில் ஒருத்தி பட்டுப்புடவை கட்டிக் குத்துவிளக்கு ஏற்றுகிறாள். நான் இந்தக் கன்னட நகரத்தில், தமிழர்கள் நிறைந்த மர்பி டவுனில் பிறந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. அந்தம்மாவை இதுவரை எங்கள் தெருவில் பார்த்ததில்லை.

மத்தியானம் நடிப்பு. ‘புகார் கொடுக்க வரும் தமிழ்ப் பெண்’ வேஷத்துக்கு ஆள் வேண்டும் என்றார். மற்ற ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கையில் மூன்று பட்டை போட்ட ஏட்டு, யூனிஃபார்மோடு எழுந்து போய் ஏழைப் பெண்ணாக நின்றேன். எஸ்.ஐ. ஹரிஷ் போலீஸாக நடித்தார். “வணக்கம்மா, உட்காருங்க” என்று தமிழில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பதினாலு மாதமாக அவர் கீழே வேலை செய்கிறேன். உட்கார் என்று அவர் வாயால் இன்றைக்குத்தான் கேட்டேன்.

2003 பிப்ரவரி 12

கடைசியில் பரீட்சை. ஹரிஷ் சாருக்கு இருபதுக்கு இருபது. எனக்குப் பதினாறு. அதில் தமிழர்களைப் பற்றிய கேள்வி ஒன்று தப்பு.

2003 பிப்ரவரி 20

ஒரு நேபாளி வாட்ச்மேன் அடிபட்டு வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ருத்ரேஷ் வழக்கம்போல உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “பிரபாவைக் கூப்பிடு.”

“சார், எனக்கு நேபாளி தெரியாது.”

“கேட்டுப் பாரேன். உனக்குத்தான் வேற பாஷை வருமே.”

கன்னடம் தவிர மீதி எல்லாம் இந்த ஸ்டேஷனுக்கு ஒரே பாஷை. அதற்கு நான் பொறுப்பு.

டொமினிக்கிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். “அடுத்த லிஸ்ட்ல ஏ.எஸ்.ஐ. ஆயிடுவே. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ” என்றார். பதினேழு வருஷமாகக் கடித்ததில் பல்தான் தேய்ந்திருக்கிறது.

2003 மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எதிராஜ் மாமா நேற்றுக் காலை இறந்துபோனார். எங்களுக்கு மூன்றாவது வீடு. மர்பி டவுனில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். எழுபத்தாறு வயது, பேரன் பேத்தி எடுத்த சாவு. அப்படிப்பட்ட சாவை எங்கள் பக்கம் வெறும் அழுகையோடு அனுப்புவதில்லை. மேளம் அடித்து, பாடைக்கு முன்னால் ஆடி, வெடி போட்டு, வழியெல்லாம் பூவும் பொரியும் சில்லறையும் வீசித்தான் இடுகாட்டுக்குக் கொண்டுபோவோம். பந்தோபஸ்துக்கு ஹரிஷ் சார், நான், நாலு கான்ஸ்டபிள்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஹரிஷ் சார் முகம் மாறியது. அவருக்கு மங்களூர்ப் பக்கம். அவர் வீட்டுச் சாவில் சத்தம் போடாமல் நடப்பார்களாம். விசில் ஊதினார். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

“இவங்க குடிச்சிருக்காங்களா? பிணத்தை வெச்சுக்கிட்டு டான்ஸ் ஆடறாங்க” என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார்.

“சாவுக்கு இப்படித்தான் சார். பத்து நிமிஷத்துல சந்துல திரும்பிடுவாங்க.”

“இது கலாட்டா. நிறுத்தச் சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் பாடைக்குப் பக்கத்தில் வந்த ஒருத்தர் பொரியை வாரி வீசினார். அதில் கலந்திருந்த சில்லறை ஒன்று ஹரிஷ் சார் நெற்றியில் பட்டது. எட்டணா. அது அவர் பூட்ஸ் பக்கத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. “கல்லு, கல்லு” என்று கத்திக்கொண்டு லத்தியை ஓங்கிவிட்டார்.

முதல் அடி மேளத்தில் விழுந்து தோல் கிழிந்தது. அடுத்தது மேளக்காரர் தோளில். நாலு கான்ஸ்டபிள்களும் யோசிக்கவே இல்லை. ஒருத்தர் அடித்தால் எல்லாரும் அடிப்பது — எங்கள் டிபார்ட்மென்டில் ஒற்றுமை என்றால் அதுதான். பாடை தூக்கியவர்கள் ஓடவில்லை. மெதுவாக இறக்கி நடுரோட்டில் வைத்தார்கள். மாமாவின் ஒரே மகன் கவியரசன் அண்ணன், அடுகோடியில் மெக்கானிக், அப்பாவின் உடம்புக்கு மேல் கவிந்து கையை விரித்து மறைத்துக்கொண்டார். எல்லா அடியும் அவர் முதுகில். அப்புறம் அவரையும் வேறு ஐந்து பேரையும் வேனில் அள்ளிப் போட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? “சார், சார்” என்றேன். அவ்வளவுதான்.

நேற்று கிரிக்கெட் மேட்சில் பாகிஸ்தானை ஜெயித்ததும் இதே ரோட்டில் ஒரு மணி நேரம் பஸ் நின்றது. வெடி, மேளம், ஆட்டம். ஹரிஷ் சார் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு இறங்கி அவரும் ரெண்டு ஸ்டெப் போட்டார். அது கலாட்டா இல்லை. அது தேசபக்தி.

தெருமுனையோடு நின்றுவிட்ட பெண்கள் விஷயம் தெரிந்து ஓடி வந்தார்கள். அம்புஜம்மா, மாமாவின் மனைவி, நடுரோட்டில் உட்கார்ந்து புருஷன் முகத்துக்குக் குடை பிடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, “இன்னாடி பாத்துக்கினு நிக்கிறே? அவன் இல்லாம யாருடி மண்ணு தள்றது?” என்றாள்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகனை விட வேண்டும் என்றேன்.

“நிம்ம ஜனக்கே ஹேளு” — உங்கள் ஜனங்களிடம் சொல் — “வேற யாராவது செய்யட்டும். ஆபீசர் மேல கல் போட்டிருக்கான்.”

“கல் இல்ல சார். சில்லறை.”

“ரெண்டும் கெட்டியாத்தானே இருக்கு?” சிரித்தார். பக்கத்திலிருந்த ஸ்டேஷன் ரைட்டரும் சிரித்தார். பிணம் வெயிலில் கிடக்கிறது, ரோடு ஜாம் ஆகிவிட்டது, கமிஷனர் ஆபீசுக்குப் போன் போகும் என்றேன். பிணம் அவர் காதில் ஏறவில்லை. போன் ஏறியது. ஒரு மணி நேரம் விட்டார். கை விலங்கோடு.

ஒரு கை கவி அண்ணனுக்கு, மறுமுனை ராய்ச்சூர்க்கார கான்ஸ்டபிளுக்கு. பெண்கள் இடுகாட்டுக்குள் போவதில்லை. யூனிஃபார்மில் நான் பெண் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. அண்ணன் ஒரே கையால் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டார். மண் எடுக்கக் குனிந்தபோதெல்லாம் கான்ஸ்டபிளும் கூடவே குனிய வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அந்த ஆள் நிறுத்தச் சொல்லி, தன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். அவர் ஹோட்டல் பயிற்சிக்கு வந்தவர் இல்லை.

2003 மார்ச் 3

ரைட்டர் ஒரு தாளை நீட்டினார். என் வாக்குமூலமாம். நான் சொல்வதற்கு முன்பே டைப் ஆகியிருந்தது. ‘குடிபோதையில் இருந்த சுமார் அறுபது பேர் கற்களை எறிந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.’ நான் நாலாவது சாட்சி.

இன்ஸ்பெக்டர் சொன்னார்: “நீயும் தமிழ், அவங்களும் தமிழ். நீ சொன்னா கோர்ட் நம்பும். ஏ.எஸ்.ஐ. லிஸ்டுக்கு உன் பேரை நான்தான் எழுதி அனுப்பணும், ஞாபகம் இருக்கட்டும்.”

முடியாது என்று நான் சொல்லவில்லை. தலையாட்டினேன். ஸ்டேஷன்காரர்களைப் பற்றி இத்தனை நாளாகப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், கடைசியில் தலையாட்டினேன். த்தூ.

2003 மார்ச் 9

கவி அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டார். குடத்தோடு குழாயடிக்குப் போனேன். அம்புஜம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல, “ஏட்டம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க. இல்லாட்டி கல்லு எறிஞ்சோம்னு எழுதிக்குவாங்க” என்றாள். நாலாவது சாட்சி யார் என்று மர்பி டவுன் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

2003 ஜூலை 8

குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. ஹரிஷ் சாருக்கு ‘நெருக்கடியைத் துணிவோடு சமாளித்ததற்கு’ பாராட்டுக் கடிதம். ஒரு பிணத்தை ஜெயித்திருக்கிறார்.

2004 அக்டோபர் 30

சம்மன் வந்துவிட்டது. அடுத்த மாதம் 23.

ஒன்றரை வருஷத்தில் கவி அண்ணன் எத்தனை வாய்தாவுக்கு அலைந்தாரோ. அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் லீவு அதிகம் என்று நிறுத்திவிட்டார்களாம். இப்போது ரோட்டோரத்தில் பஞ்சர் போடுகிறார். நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு வருகிறேன். போலீஸ்காரி ஒளிந்து நடக்கிறாள்.

டொமினிக்கிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. சட்டையில் இரும்புத்தூள் தட்டிக்கொண்டே, “லிஸ்ட் வர்ற வரைக்கும் பல்லைக் கடின்னு நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்” என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நாளாகிறது.

2004 நவம்பர் 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் ஹரிஷ் சார் கோர்ட் வராந்தாவில் காபி வாங்கிக் கொடுத்தார். “எழுதினதை அப்படியே சொல்லிடுங்க பிரபா.” முதல் தடவையாக ‘சொல்லிடுங்க’. பயம் வந்தால் மரியாதை வந்துவிடுகிறது.

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டார், கல் எறிந்ததைப் பார்த்தீர்களா என்று.

“கல் எறியல சார். பூ, பொரி, சில்லறை. சாவு ஊர்வலத்துல வீசறது வழக்கம். ஒரு எட்டணா எஸ்.ஐ. சார் நெத்தியில பட்டுச்சு.”

வக்கீல் தாளைப் புரட்டினார். நீதிபதி, நடுத்தர வயசுப் பெண், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்போ இந்த வாக்குமூலம்?” என்றார்.

“நான் சொல்றதுக்கு முன்னாடியே டைப் பண்ணிட்டாங்க மேடம். நான் தலையாட்டினேன்.”

“ஏன் தலையாட்டினீங்க?”

இதற்கு வீட்டில் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன் — மேலதிகாரி, நிர்பந்தம், அது இது. வாயில் வந்தது வேறு. “பயம். அப்புறம் பிரமோஷன் ஆசை.”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நான் பிறழ் சாட்சி என்று அரசு வக்கீல் அறிவித்தார். முதல் தடவை உண்மை சொன்னதற்குப் பெயர் பிறழ்வு. கவி அண்ணன் குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2004 நவம்பர் 24

ஸ்டேஷனில் எல்லாருக்கும் டீ வந்தது, என் மேஜைக்கு மட்டும் வரவில்லை. ருத்ரேஷ் சார் கூப்பிட்டு, “ஜாதிப் புத்தி காட்டிட்டே” என்றார். எந்த ஜாதி என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டினார். அந்தப் பக்கம் பயிற்சிப் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது.

2005 ஜனவரி 18, செவ்வாய்

ஆறு பேரும் விடுதலை. இன்றைக்கே எனக்கும் ஆர்டர்: பீன்யா டிராஃபிக். ஏ.எஸ்.ஐ. லிஸ்டில் பெயர் இல்லை. துறை விசாரணை வேறு.

குழாயடியில் அம்புஜம்மா. நான் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். நன்றி எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் எதற்கு. அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “ரெண்டு வருசம் ஆச்சாடி உனுக்கு வாய தொறக்க?”

“ஆச்சும்மா.”

“எம்புள்ள வேலை பூட்ச்சு.” குடம் நிறைந்தது. தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள்.

2005 மார்ச் 14

பீன்யா. லாரிப் புகை, தூசி. காலையில் டொமினிக்கும் நானும் ஒரே பஸ். இங்கே எனக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை, கையைக் காட்டினால் போதும். அதற்கும் பாதிப் பேர் நிற்பதில்லை.

2005 ஜூன் 24, வெள்ளி

மத்தியானம் ஜங்ஷனில் நிற்கும்போது செல்லில் தெரியாத நம்பர். ஹரிஷ் சார். அவரையும் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்னால் மேளச் சத்தம்.

“பிரபா, இங்க ஒரு சாவு ஊர்வலம். நூறு பேர் இருப்பாங்க. ஆடறாங்க, வெடி போடறாங்க. என்ன பண்றது?”

மனம் திருந்திவிட்டாரா? அதெல்லாம் இல்லை. இன்னொரு கேஸ் கோர்ட்டில் கவிழ்ந்தால் தன் பிரமோஷனும் போகும் என்ற பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

“எவ்வளவு தூரம் போகணும் அவங்க?” என்றேன்.

“அரை கிலோமீட்டர்.”

“எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்துங்க. மந்திரி போனா அரை மணி நிறுத்தறோம், இதுக்குப் பதினைஞ்சு நிமிஷம் நிறுத்தினா ஊரு கெட்டுடாது. லத்திய ஜீப்ல வெச்சிருங்க. யாரு மகன்னு கேட்டு, அவர்கிட்ட மட்டும் பேசுங்க.”

“சரி. தொப்பியைக் கழட்டணுமா?”

“பாடை பக்கத்துல வரும்போது கழட்டுங்க.”

“என் மேல ஏதாவது விழுந்தா?”

“தொடைச்சுக்குங்க சார்” என்று சொல்லிவிட்டு, நின்றுபோயிருந்த லாரிகளுக்குக் கையைக் காட்டினேன்.