எந்தத் தகடு என்று கேட்டவளுக்கு

இன்று காலை நம் கம்பெனி ஸ்டோருக்கு வந்த தகட்டுச் சுருளின் உறையைக் கிழித்தேன். துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயின் வாடை குப்பென்று அடித்தது. சூளகிரி பஸ்ஸில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இதே வாடைதான். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தகட்டை அழுத்திக் கார் பாகமாக்கும் பிரஸ் ஓட்டியவள். நான் உத்தனப்பள்ளிக்காரி, சுருள்களில் எது எந்தத் தகடு என்று சீட்டு ஒட்டுகிறவள். கார் என்றால் எல்லாம் ஒரே இரும்பு என்றுதான் நினைத்திருந்தேன். நீதான் கேட்டுக்கொண்டே இருப்பாய். கதவுக்கு ஏன் இழுத்த இழுப்புக்கு நீளும் தகடு? மோதினால் ஆளைக் காக்கும் கதவோரத் தூணுக்கு ஏன் முரட்டுத் தகடு? பானெட்டுக்கு ஏன் அலுமினியம்? நான் விழித்தால், "தெரியாட்டா என்னட்டி, விசாரிப்போம்" என்பாய்.

அந்த வாரம் உன் பிரஸ்ஸில் கதவின் உள்தகடு மூலைக்கு மூலை கிழிந்து வந்தது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். "எண்ணெய் சரியாப் போட்டியாம்மா? இப்படியே போனா லைன்ல நிக்க முடியாது."

நீ கிழிந்த தகட்டில் ஒரு துண்டும், முந்தின நாள் நல்லபடி வந்ததில் ஒரு துண்டும் எடுத்தாய். இரண்டும் ஒரே கனம், ஒரே துத்தநாகப் பளபளப்பு. வைஸ் பிடியில் இறுக்கி வளைத்தாய். நல்லது வளைந்தபடியே நின்றது. கிழிந்தது திமிறிக்கொண்டு நிமிர்ந்தது.

டீ நேரத்தில் இரண்டையும் எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாய். வேலை போய்விடுமே என்ற கவலை முகத்தில் துளியும் இல்லை.

"ஏட்டி, இது வேற தகடுல்லா! கதவுக்கு எப்படி வந்துச்சு?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அடுத்தடுத்து இறங்கிய இரண்டு சுருள்களுக்கு நான்தான் சீட்டை மாற்றி ஒட்டியிருந்தேன். "தெரியலடி" என்றேன். நீ அதை நம்பினாய். அதுதான் தாங்கவில்லை.

ஷிப்ட் முடியும் முன் சூப்பர்வைசரிடம் போனேன். "சார், அவ மேல தப்பில்லைங்க. சீட்டை மாத்தி ஒட்டுனது நானுங்க." எனக்கு மெமோ வந்தது. உன்னைத் திட்டியதற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

பஸ்ஸில் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். பிறகு, "மத்தியானமே சொல்லிருக்கலாம்ட்டி" என்றாய். அவ்வளவுதான். சூளகிரி வருவதற்குள், "கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது, சீட்டு இல்லாம எப்படிக் கண்டுபிடிக்க?" என்று ஆரம்பித்துவிட்டாய். இன்றுவரை ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டை வளைத்துப் பார்த்த பிறகே சீட்டு ஒட்டுகிறேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது பேசவே உனக்கு மூச்சு வாங்கியது. சாப்பாட்டைத் தொடவில்லை. தட்டை மட்டும் விரலால் சுண்டினாய்.

"சைலன்சரும் எவர்சில்வர், இந்தத் தட்டும் எவர்சில்வர். அதுல காந்தம் ஒட்டுது, இதுல ஒட்டல. ஏன்ட்டி?"

"கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

கேட்டுவிட்டேன். தட்டில் நிக்கல் கலக்கிறார்களாம். சைலன்சர் தகட்டில் அது அநேகமாக இல்லையாம். நிக்கல் சேர்ந்தால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமே மாறிவிடுமாம். ஏன் மாறுகிறது என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார்.

நாளைக்கும் கேட்பேன்.