சீர்த்தட்டில் திரும்பி வந்த பொம்மை

அம்மா,

அந்துருண்டை வாடை அடித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன வாரம் நாமக்கல் மண்டபத்தில் பேத்திக்குக் காது குத்தினோம். சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பழம், வெற்றிலை, பட்டுப்பாவாடை என்று எல்லாத் தட்டிலும் புது வாசனை. ஒரு தட்டில் மட்டும் பீரோ வாசனை. குனிந்து பார்த்தால், முன்பக்கம் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி. உள்ளே நீலக் கவுனும் வெள்ளை ஷூவுமாக, கண் மூடித் திறக்கும் பொம்மை. பெட்டியின் பின்மூலையைத் தடவினேன். என் பல் பதிந்த இடம் அப்படியே இருந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லை என்று நீ சொன்னாலும் நான் நம்பமாட்டேன். என் காதுகுத்துக்கு மாமா சேலத்திலிருந்து வாங்கி வந்த பொம்மை அது. காது எரிய எரிய நான் கை நீட்டினேன். என் கைக்கு வருமுன் உன் கைக்குப் போய்விட்டது.

"பிரிக்காத சாமி. அத்தை ஊட்டுச் சீருக்கு ஆகும்" என்றாய்.

பரமத்தி வேலூரில் அத்தை மகளுக்கும் காது குத்தப்போகிறார்கள், அப்பாதான் தாய்மாமன், தட்டுக் குறைந்தால் ஊர் பேசும், அது கரும்பு கைகொடுக்காத வருஷம் - இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஆத்திரம் குறைந்திருக்காது. நீ அசந்த நேரம் பார்த்துப் பெட்டியைக் கடித்துவைத்தேன்.

சீர் கொண்டுபோகும் நாள் வரை அது உன் பீரோவில் இருந்தது. சாவி உன் இடுப்பில். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் சத்தம் கேட்டால், உள்ளே பீரோக் கதவு படக்கென்று சாத்திக்கொள்ளும்.

"ஏம்மா, பீரோவுல என்ன பண்ற?"

"பாச்சை இருக்குதான்னு பாத்தேன். நீ போய்க் கைகால் கழுவு."

தினமுமா கரப்பான் பாச்சை வரும்? எனக்குத் தெரியாமல் எதையோ ஒளித்துவைக்கிறாய் என்று முடிவு கட்டினேன். அன்று பிடித்த சந்தேகம்தான், பிறகு நீ எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை. கல்யாணத்துக்கு நீ போட்ட வளையலையே ஆசாரியிடம் உரசிப் பார்த்தவள் நான்.

வேலூர் பஸ்ஸில் பெட்டி உன் மடியில் இருந்தது. கடித்த மூலையை உன் வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தாய். அதையும் பார்த்தேன். வழியெல்லாம் அழுதேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பியவள், காவிரிக்கரை வாழைத்தோட்டம் வரும் வரை என் பக்கம் திரும்பவே இல்லை. கல் மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மண்டபத்தில் அந்த அத்தை மகளைப் பிடித்துக்கொண்டேன். பொம்மைத் தட்டு அவள் கொண்டுவந்ததுதான்.

"இந்தப் பொம்மையை எங்க வாங்கின?"

"எங்கம்மா பீரோவுல இருந்ததுங்க அண்ணி. எனக்கு வந்த சீராமா. பிரிக்காத, யாருக்காச்சும் ஆகும்னு எடுத்து வெச்சுட்டாங்க. அவங்க போனப்பறம்தான் சாவியே என்ற கைக்கு வந்துச்சு."

அப்படியானால் இவளும் விளையாடவில்லை! இத்தனை வருஷமாக எந்த விசேஷத்தில் இவளைப் பார்த்தாலும், என் பொம்மையோடு விளையாடியவள் என்று உள்ளே கறுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் வீண்.

அதற்குள் பேத்தி வந்து பெட்டியைத் தூக்கிவிட்டாள். காது இரண்டும் சிவந்து கிடந்தன.

"பிரிக்காத சாமி" என்றேன்.

சொன்னது நான்தான். குரல் உன்னுடையது. அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியை நானே பிரித்தேன்.

பின்மூடியைத் தூக்கியதும் என் சந்தேகப் புத்தி விழித்துக்கொண்டது. காய்ந்த சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. கம்பெனிக்காரன் சோற்றைப் பிசைந்தா ஒட்டுவான்?

"சத்தியமா நான் பிரிக்கலைங்க அண்ணி" என்றாள் அத்தை மகள்.

பொம்மையை வெளியே எடுத்தோம். முன்னால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதுகுப் பக்கம் இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கறுப்பு நூலால் கட்டியிருந்தது. பேத்தி முதல் வேலையாக ஷூவைக் கழற்றினாள். உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு, வெளிறிப் பழுப்பாகியிருந்தது.

"உங்கம்மா உனக்குத் திருஷ்டிப் பொட்டு எங்க வெப்பாங்க?" என்று கேட்டேன்.

"கன்னத்துலதானுங்க. ஏனுங்க அண்ணி?"

எனக்கு மட்டும்தான் உள்ளங்காலில். கன்னத்தில் வைத்தால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று, ஒற்றைக்காலைத் தூக்கச் சொல்லி நீ வைப்பாய். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒருமுறை சோளக்கருது உரித்துக்கொண்டிருந்தபோது, சின்னப்பிள்ளையில் ஒரு கருதுக்குத் துணி சுற்றித் தூங்கவைப்பேன் என்று சொல்லிச் சிரித்தாய். "பொம்மையெல்லாம் யாரு வாங்கித் தந்தா?" என்றாய். நான் கவனிக்கவில்லை, என் பொம்மைக் கோபத்திலேயே இருந்தேன். என் காதுகுத்தின்போது உனக்கு என்ன வயது இருக்கும்? இன்று என் மகளுக்கு இருக்கும் வயதுகூட இல்லை.

பேத்தி அந்தச் சடையை அன்று சாயங்காலமே அவிழ்த்துவிட்டாள். அவள் பொம்மை, நான் தடுக்கவில்லை. கறுப்பு நூலை மட்டும் எடுத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

பாச்சை பார்த்தேன் என்றாயே, அது பொய். அதை அன்றே நான் நம்பவில்லை, இப்போது கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அன்று பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேலூர் வரும் வரை நீ என் பக்கம் திரும்பவே இல்லையே அம்மா. ஜன்னல் பக்கம் ஒளித்துவைத்த அந்த முகத்தின் மேல்தான் இப்போது எனக்குச் சந்தேகம்.