பார்வதி தலையில் பித்தளை நிறம்

ஜூன் 23, திங்கள்

விடியும்போதே சாரல். குற்றாலம் மெயின் அருவியில் பந்தோபஸ்து. எண்ணெய் தேய்த்து வழுக்கி விழுந்தவர் ஒருவர், காணாமல் போய்க் கிடைத்த பிள்ளை ஒன்று. ஷூ இன்னும் காயவில்லை.

மதியம் வீடு. பார்வதி தலையில் துண்டு. தலைக்குக் குளித்திருக்கிறாள் என்று நினைத்தேன். சோறு போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள், துண்டை அவிழ்த்தாள்.

வேர்ப்பக்கம் ஆரஞ்சு. நுனி மஞ்சள். புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பு.

நேற்று நான் ஸ்டேஷனிலேயே தங்கல். அம்மாவும் மகளுமாகச் செய்த வேலை. நிவேதா பிளீச் போட்டுவிட்டு சாயந்தரமே கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சாம்பல் நிறம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்களாம். ஊதா ஷாம்பு போட்டால் மஞ்சள் போய்விடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்தார்களாம். போகவில்லை.

"ஏதாவது சொல்லுங்க."

"ரசம் இருக்கா?" என்றேன்.

எழுந்து போய்விட்டாள். ரசம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் மகன் கல்யாணம். குற்றாலத்தில் மண்டபம். மாப்பிள்ளைக்கு அத்தை இவள். தாம்பாளம் எடுத்து முன்னால் நடக்க வேண்டியவள்.

ஜூன் 24, செவ்வாய்

காற்று. காலையில் கரண்ட் இல்லை. மதியத்துக்கு மேல்தான் டூட்டி.

கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் காட்ட செங்கோட்டையிலிருந்து அக்கா வந்தாள். பார்வதி அடுப்படியிலிருந்து துண்டில்லாமல் வந்து நின்றாள். வேண்டுமென்றே.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே?"

"நெறம் மாத்துதேன் மைனி. இன்னும் முடியல."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே முருகா, நீ பாத்துக்கிட்டுச் சும்மாவா இருக்கே? ஊரு சிரிக்கும்லே. கறுப்புச் சாயம் ஒரு பாக்கெட் வாங்கி அடிச்சு விடு. இல்லன்னா பேசாம மொட்டை போட்டுட்டு, கோயிலுக்கு நேந்துக்கிட்டோம்னு சொல்லிருங்க."

மொட்டை.

இரண்டு வருஷம் முன்னால் பா.வுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன், அதன்பின் மருந்து ஏற்றினார்கள். தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. மிச்சம் நின்றதை நான்தான் மெஷின் வைத்து எடுத்தேன். அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பா. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அக்காவை பஸ் ஏற்றப் போனேன். வழியில் கேட்க நினைத்தது நிறைய. கேட்டது: "ஜன்னலோரம் எடம் இருக்கா?"

திரும்பி வந்து கதவுக்கு வெளியே நின்றேன். "கறுப்பே அடிச்சிருவமா?"

"கறுப்பு வேண்டாம். கல்யாணத்துக்கும் நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. கதவு சாத்தியபடிதான் இருந்தது, நான் கிளம்பும்போதும்.

ஜூன் 25, புதன்

மேகமூட்டம். காலையில் நிவேதாவுக்கு போன். எடுத்ததுமே அழுகை.

"அழாம சொல்லு. எழுதிக்கிடுதேன்."

அவள் சொன்னது:
மறுபடி பிளீச் கூடவே கூடாது, முடி பிய்ந்து வந்துவிடும்.
அமோனியா இல்லாத தற்காலிகச் சாயம். ஊதா ஒன்று, நீலம் ஒன்று.
வெள்ளைக் கண்டிஷனரில் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கலவை வெளிறி இருக்க வேண்டும்.
மஞ்சளை ஊதா அடக்கும். ஆரஞ்சை நீலம் அடக்கும்.
முதலில் ஒரே ஒரு கற்றையில் போட்டுப் பார்க்க வேண்டும்.
கையுறை. நெற்றியிலும் காதிலும் எண்ணெய்.

"அப்பா, அம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல தூக்க முடியாது. பின்பக்கம் நீங்கதான் போடணும்."

ஆபரேஷனிலிருந்தே அப்படித்தான். தெரியும். ஆனாலும் மகள் சொல்லிக் கேட்பது ஒரு மாதிரி இருந்தது.

டூட்டி முடிந்து அப்படியே யூனிபார்மில் பஜாருக்குப் போனது தப்பு. ஃபேன்சி ஸ்டோர்க்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ஹேர் கலர் என்னென்ன வச்சிருக்கீரு?" என்று கேட்டேன். முகம் வெளிறிவிட்டது.

"ஏட்டையா, பில்லு எல்லாம் கரெக்டா இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

"பில்லு வேண்டாம்வே. ஊதாவும் நீலமும் வேணும். வீட்டுக்கு."

இதற்கு பில் கேட்டிருந்தாலே தேவலை என்பது போலப் பார்த்தார். உள்ளே போய்த் தேடி இரண்டும் எடுத்து வந்தார்.

வீட்டில் அவள் அறைக் கதவு திறந்திருந்தது. பா. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு கற்றை எடுத்தேன். எனக்கு அவசரம். வேரிலிருந்து நுனி வரை நீலத்தைத் தடவிவிட்டேன். கழுவினால் வேர்ப்பக்கம் நன்றாகத்தான் அடங்கியிருந்தது. நுனி பச்சை. குளத்துப் பாசி மாதிரிப் பச்சை.

கண்ணாடியில் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள்.

"இப்பக் கூட்டிட்டுப் போங்க கல்யாணத்துக்கு."

நிவேதாவுக்கு போன். "மஞ்சள்ல நீலம் சேந்தா பச்சைதானப்பா! எல்.கே.ஜி.யில படிச்சதுதான? நீலம் வேருக்கு மட்டும். நுனிக்கு ஊதா."

பச்சைக் கற்றையை மட்டும் வெட்டிவிடலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தேன்.

"கத்திரிக்கோல கீழ வைங்க. ஒரு முடி போகக் கூடாது என் தலையிலருந்து."

வைத்துவிட்டேன். நாளை மதியம் பெர்மிஷன் கேட்டிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் சரி என்றிருக்கிறார்.

"வருவீயளா?"

"வருவேன்."

ஜூன் 26, வியாழன்

மலையில் ராவெல்லாம் மழை. காலையிலேயே தண்ணீர் நிறம் மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அருவி முன்னால் இருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை. கூட்டத்தை வெளியேற்றுவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. "சார், மதுரையிலருந்து வந்திருக்கோம், காலை மட்டும் நனைச்சிட்டுப் போயிர்றோம்." ஒருவர் கயிற்றைத் தாண்டிவிட்டார். இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம்.

இன்ஸ்.: "ஒருத்தரும் நகரக் கூடாது." பெர்மிஷன் போயிற்று. பா.வுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. அருவிச் சத்தத்தில் மணி அடிக்கிறதா என்றே கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விட்டார்கள். தென்காசி வீடு வரை வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

குளியலறையில் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இடது கையாலேயே ஆரம்பித்திருக்கிறாள். கண்டிஷனர் கலக்கவில்லை, சாயத்தை அப்படியே ஊற்றியிருக்கிறாள். இடது காதுக்கு மேலே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. கழுத்தெல்லாம் ஊதா வழிந்து காய்ந்திருந்தது.

"வருவேன்னு சொன்னீய."

"அருவியில..."

"தெரியும். டிவியில காட்டுனாவ. சாகக் கெடந்தீயளோன்னு உக்காந்திருந்தேன். சும்மா உக்காந்திருக்க முடியல. அதான் போட்டேன்."

சட்டையைக் கழற்றிப் போட்டேன். வெதுவெதுப்பாகத் தண்ணீர், ஷாம்பு, மறுபடி தண்ணீர். ஊதா ஓடிக்கொண்டே இருந்தது. திட்டு கத்திரிப்பூ நிறத்துக்கு வந்து நின்றது, அதற்கு மேல் போகவில்லை.

பிறகு கிண்ணம் இரண்டு. கையுறை என் கைக்குச் சின்னது, கிழிந்துவிட்டது. வெறுங்கைதான். சீப்பு வாலால் வகிடு எடுத்து வேருக்கு நீலம். அப்புறம் நுனிக்கு ஊதா. ஒரு கற்றையில் நீலம் கொஞ்சம் இறங்கிவிட்டது, விரலால் வழித்து எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு செய்திருக்கிறேன் போல.





காத்திருக்க வேண்டிய நேரம். அடிக்கடி ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்தேன். இன்னும் மஞ்சள். இன்னும் மஞ்சள்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "அன்னைக்கி மெஷின் போட்டு எடுத்தீயளே, ஒரு வார்த்த பேசல நீங்க. கூட்டி அள்ளிட்டு டூட்டிக்குப் போயிட்டீய."

"என்ன பேசன்னு தெரியல."

"இப்பவும் தெரியலயா?"

அடுத்த கற்றையைத் துடைத்துப் பார்த்தேன். "பயமா இருக்கு பார்வதி. எல்லாம் பச்சை ஆயிருமோன்னு."

அவள் தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்துக் குனிந்தேன். சிரிப்பு.

அலசி, விசிறிக்குக் கீழே காயவிட்டோம். ஈரத்தில் எதுவும் சொல்ல முடியாது. காயக் காய மேலே வந்தது: வேரில் கொஞ்சம் மண் நிறம், மற்றபடி விறகடுப்புச் சாம்பல். நேற்றுப் பச்சையான கற்றை இன்னும் லேசாகப் பச்சைதான், உள்ளே மறைந்துவிட்டது. காதுக்கு மேல் கத்திரிப்பூத் திட்டு, அது மறைகிற இடத்தில் இல்லை.

நெடுநேரம் கண்ணாடி பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள்.

"காலையில எத்தன மணிக்குக் கிளம்பணும்?"

ஜூன் 27, வெள்ளி

மழை விட்டது. வெயில். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மண்டபம் நிறைந்துவிட்டது.

பா. மாம்பழ நிறப் பட்டு. காதுக்கு மேல் திட்டை மறைக்கப் பூ வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை, பூவைப் பின்னால் வைத்தாள். தாம்பாளத்தோடு முன்னால் நடந்தாள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. நாதஸ்வரக்காரர்கூட ஒரு தடவை பார்த்தார். எனக்கு முதுகில் வேர்வை. அருவியில் கயிற்றைப் பிடித்து நின்றபோதுகூட இப்படி இல்லை.

அக்கா நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு வந்தாள். "ஏலே, கறுப்பு அடிக்கச் சொன்னம்லா? இது என்னலே கோலம்?" நாலு பேர் காதில் விழும்படி.

"நான்தான் போட்டேன்க்கா." விரல்களைக் காட்டினேன். நகக்கண் எல்லாம் ஊதா. "வேருக்கு ஒண்ணு, நுனிக்கு ஒண்ணு. எல்லாம் நான்தான். அன்னைக்கி ஒரு வார்த்த சொன்னியே, அதுக்கு நீ அவகிட்டப் போய்ப் பேசு. எங்கிட்ட வேண்டாம்."

அக்காவிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. முகம் சுண்டிப்போய் நின்றாள்.

பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பா. துடைக்கவில்லை. பாயசத்தை அக்கா இலைப் பக்கம் தள்ளினாள்.

பெண் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து பா.வோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வீரகேரளம்புதூர் சித்தி ஒருத்தி திட்டைத் தொட்டுப் பார்த்தாள், கையில் ஒட்டுமோ என்று.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னாலிருந்து, காதருகே:

"கவனிச்சீயளா? இன்னைக்கி ஒருத்தி, ஒரே ஒருத்திகூட, ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்கல. எல்லாரும் முடியப் பத்தித்தான் கேட்டாவ."

நான் கவனிக்கவில்லை. இரண்டு வருஷமாக எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்றாள். உடம்புக்கு முடியவில்லை போல என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.